கூச்சலும் கத்தரிக்கோலும்: மெதுவாக நகரும் அச்சத் திரைப்படங்களும் அவற்றின் முதற் பார்வையாளர்களும், 1932–2019

முன்னுரை

1932ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் பெர்லின் நகரில் ‘வாம்பிர்’ என்னும் திரைப்படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் எடுத்த முதல் பேசும்படம் அது. அரங்கில் இருந்தோர் கூச்சலிட்டுத் தம் வெறுப்பைத் தெரிவித்தனர். பின்னர் வியன்னாவில் அப்படம் காட்டப்பட்டபோது பார்வையாளர்கள் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டனர். அது மறுக்கப்படவே கலகம் மூண்டது. காவலர் தடியடி நடத்தி ஒழுங்கை நிலைநாட்டினர். அதே படம் இன்று உலகத் திரைப்பட வரலாற்று நூல்களில் ஒளிப்பதிவின் அருஞ்செயல்களுள் ஒன்றாக விரித்துரைக்கப்படுகிறது.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை விளக்குவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கலைஞன் தன் காலத்தை முந்திச் சென்றான். கூட்டம் அவனைப் புரிந்துகொள்ளவில்லை. பிற்காலம் அவனுக்கு நீதி வழங்கியது என்பது அது. சொல்வதற்கு எளிதான இக்கதை சான்றுகளில் பாதியைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறது. முதல் நாள் காசு கொடுத்து வந்தவர்கள் எதை எதிர்பார்த்தனர், எதனால் சினந்தனர், அச்சினம் படத்திற்கு என்ன செய்தது என்னும் வினாக்கள் அக்கதையில் எழுவதே இல்லை.

மெதுவாக நகர்ந்து காட்சியழகால் தாக்கும் அச்சத் திரைப்படங்கள் மூன்று காலங்களில் பெற்ற வரவேற்பை இக்கட்டுரை ஆராய்கிறது. டிரையரின் ‘வாம்பிர்’ முதன்மைச் சான்று. 1980இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’, 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆரி ஆஸ்டரின் இரு படங்கள் ஆகியன ஒப்பீட்டுச் சான்றுகள். பார்வையாளரின் எதிர்வினை ஒரு படத்திற்குப் புறத்தே நிற்கும் செய்தி அன்று. அது கத்தரிக்கோல் வழியாகப் படத்தினுள் புகுந்து, இன்று காணக் கிடைக்கும் பாடத்தையே உருவாக்குகிறது என்பது இங்கு நிறுவப்படும் கருத்து. ஏட்டுச் சுவடிகளின் பாடவேறுபாடுகளோடு நெடுங்காலம் பழகிய தமிழாய்வுக்கு இத்தகைய அணுகுமுறை புதியதன்று.

படம் உருவான வகை

டிரையர் 1928இல் வெளியிட்ட ‘ஜான் ஆஃப் ஆர்க்கின் பாடு’ திறனாய்வாளரின் பாராட்டைப் பெற்றும் வணிக அளவில் தோல்வியுற்றது. அதனைத் தயாரித்த பிரெஞ்சு நிறுவனத்துடன் அவருக்கு ஏற்பட்ட பிணக்கு வழக்குமன்றம் வரை சென்றது. எனவே அடுத்த படத்திற்கு அவர் நிறுவனம் எதனையும் நாடாமல் தனியொருவரின் பொருளுதவியை ஏற்றார். நிக்கோலா த குன்ஸ்பூர் என்னும் செல்வக் குடிப்பிறந்த இளைஞர் பணம் தந்தார். ‘ஜூலியன் வெஸ்ட்’ என்னும் புனைபெயரில் முதன்மைப் பாத்திரத்திலும் அவரே நடித்தார்.

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு 1872இல் வெளியிட்ட ‘இன் எ கிளாஸ் டார்க்லி’ என்னும் கதைத் தொகுதியிலிருந்து சில கூறுகளை எடுத்துக்கொண்டு டிரையரும் கிறிஸ்டன் யூலும் திரைக்கதை எழுதினர். பிரான்சு நாட்டில் கூர்த்தெம்பியேர் என்னும் சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1930, 1931ஆம் ஆண்டுகளில் படப்பிடிப்பு நடைபெற்றது. அரங்கு எதுவும் கட்டப்படாமல், பழைய மாளிகை, கைவிடப்பட்ட கட்டடம், மாவு ஆலை ஆகியன உள்ளவாறே பயன்படுத்தப்பட்டன. நடித்தோருள் சிபில்லெ ஷ்மிட்ஸ், மோரீஸ் ஷூட்ஸ் ஆகிய இருவரே தொழில்முறை நடிகர்கள். மற்றையோர் கடைகளிலும் உணவகங்களிலும் தொடர்வண்டிகளிலும் முகத்தோற்றம் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

ஒளிப்பதிவாளர் ரூடால்ஃப் மாட்டே. தொடக்கத்தில் எடுத்த காட்சியொன்று, வில்லையின்மேல் வேண்டாத ஒளி பட்டதால் சாம்பல் நிறம் படர்ந்து வந்தது. அப்பிழையில் தாம் தேடிய நிறம் இருப்பதை டிரையர் கண்டார். அதன்பின் ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னே மெல்லிய வலைத்துணியைப் பிடித்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, அந்த மங்கலை வேண்டுமென்றே உண்டாக்கினர். படம் முழுவதும் பனி மூடியதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கதை சுருக்கமானது. ஆலன் கிரே என்னும் இளைஞன் ஆற்றங்கரை விடுதி ஒன்றில் வந்து தங்குகிறான். அவ்வூரில் கிழவி ஒருத்தி இரத்தக் காட்டேரியாக உலவுகிறாள். ஊர் மருத்துவன் அவளுக்குத் துணை. ஆயினும் இக்கதை நேராகச் சொல்லப்படுவதில்லை. ஒற்றைக்கால் வீரனின் நிழல் அவனைவிட்டுப் பிரிந்து அலைந்து, பின் அவனிடமே வந்து சேர்கிறது. ஆடுவோர் இல்லாத இடத்தில் ஆடுவோரின் நிழல்கள் சுழல்கின்றன. குழி தோண்டுபவனின் நிழலில் மண் கீழிருந்து மண்வெட்டிக்குத் திரும்புகிறது. நாயகன் கனவில் தன் பிணத்தைத் தானே காண்கிறான்; சவப்பெட்டியின் கண்ணாடிச் சாளரம் வழியே வானமும் மரக்கிளைகளும் கோபுரமும் மேலே நகர்வதைப் பிணத்தின் பார்வையிலிருந்து கருவி காட்டுகிறது. உரையாடல் மிகக் குறைவு. நாயகன் படிக்கும் நூலின் பக்கங்களே திரையில் பல இடங்களில் நிரம்பியிருக்கின்றன.

பெர்லின் முதல் கோபன்ஹேகன் வரை

பெர்லின் முதற்காட்சியில் எழுந்த கூச்சலை அக்கால அரசியற் கலகங்களோடு சேர்த்து எண்ணுதல் தவறாகும். 1930 டிசம்பரில் ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ என்னும் போர் எதிர்ப்புப் படம் அதே நகரில் திரையிடப்பட்டபோது நாட்சிக் கட்சியினர் திட்டமிட்டுக் குழப்பம் விளைவித்தனர். அப்படம் சில நாள்களில் தடைசெய்யப்பட்டது. அங்கே கலகம் வெளியிலிருந்து ஏவப்பட்டது. படத்தின் கருத்தே அதற்கு இலக்கு. ‘வாம்பிர்’ படத்தில் அரசியற் கருத்து எதுவும் இல்லை. பெர்லினில் கூச்சலிட்டோர் ஒரு கட்சியின் ஏவலால் வந்தோர் என்பதற்குச் சான்று இல்லை. இரத்தக் காட்டேரிக் கதை காண வந்த பார்வையாளரே அவர்கள். அதனாலேயே அவர்களுடைய எதிர்வினை திரைப்பட வரலாற்றுக்கு முதன்மையான சான்றாகிறது.

அவர்கள் எதிர்பார்த்தது என்ன என்பதை ஓரளவு உய்த்துணரலாம். படத்தின் தலைப்பே இரத்தக் காட்டேரி என்னும் பொருளுடையது. பத்தாண்டுகளுக்கு முன், 1922 மார்ச்சில், முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ பெர்லினில் வெளிவந்திருந்தது. அதில் மாக்ஸ் ஷ்ரெக் ஏற்ற வேடம் நீண்ட நகங்களும் கூர்ங்காதுகளும் உடையது. அஞ்சுவதற்குரிய உருவம் திரையில் வெளிப்படையாக நின்றது. அமெரிக்காவில் 1931 பிப்ரவரியில் ‘டிராகுலா’வும் அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படமும் வெளிவந்து, அச்சப் படத்திற்கு ஓர் அச்சடித்த வார்ப்பை உருவாக்கியிருந்தன. டிரையர் காட்டியதோ நரைத்த தலையும் கைத்தடியும் கொண்ட முதியவள் ஒருத்தி. அவளும் சில காட்சிகளில் மட்டுமே தோன்றினாள்.

1932 செப்டம்பரில் பாரிஸ் நகரத்து ராஸ்பாய் பெருந்தெருவில் புதிய திரையரங்கு ஒன்று இப்படத்தோடு திறக்கப்பட்டது. அவ்வாண்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் வெளியான மதிப்பீடு கருதத்தக்கது. பல வகையில் இது தாம் கண்ட மிக மோசமான படங்களுள் ஒன்று என்று எழுதிய அச்செய்தியாளர், சில காட்சிகள் நேரடியாகத் தாக்கித் தம்மைப் பற்றிக்கொண்டதையும், டிரையரின் படங்கள் நகைப்புக்குரியனவாகத் தோன்றினாலும் மறக்க முடியாதவை என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொண்டார். கூச்சலிட்டவர்களும் வியந்தவர்களும் இரு வேறு கூட்டத்தினர் என்னும் கருத்தை இம்மதிப்பீடு தகர்க்கிறது. வெறுப்பும் ஈர்ப்பும் ஒரே உள்ளத்தில் ஒருங்கே எழுந்திருக்கின்றன.

1933 மார்ச்சில் கோபன்ஹேகனில் படம் வெளிவந்தபோது டிரையர் அங்கு இல்லை. நரம்புத் தளர்ச்சியுற்று அவர் பிரான்சு நாட்டு மருத்துவமனை ஒன்றில் இருந்தார். நலம் பெற்றுத் தாய்நாடு திரும்பியபின் நாளிதழுக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதிப் பிழைத்தார். அடுத்த முழுநீளப் படமான ‘சினத்தின் நாள்’ 1943இல்தான் வெளிவந்தது. பணம் தந்த குன்ஸ்பூர் படத் தயாரிப்பைக் கைவிட்டு, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஆடையணி இதழ்களின் ஆசிரியரானார். ஓர் அரங்கின் கூச்சலுக்குப் பதினோராண்டு மௌனம் விலையாயிற்று என்று முழுமையாகச் சொல்லிவிட இயலாது. எனினும் அம்மௌனத்தின் காரணங்களுள் அக்கூச்சலும் ஒன்று.

மெதுமையும் நீளமும்

‘வாம்பிர்’ இன்று கிடைக்கும் வடிவில் ஏறத்தாழ 73 நிமிடம் ஓடுகிறது. ‘டிராகுலா’வும் ஏறத்தாழ 75 நிமிடமே. கடிகாரத்தின்படி இரண்டும் ஒத்த நீளமுடையவை. முன்னது மட்டும் பார்வையாளரைச் சோர்வுறச் செய்தமைக்குக் காரணம் நிமிடக் கணக்கில் இல்லை.

வழக்கமான அச்சப் படத்தில் காரணம் முதலிலும் விளைவு பின்னரும் வரும். சவப்பெட்டி திறக்கும், கை வெளிப்படும், உறங்குகிறவளை நோக்கி உருவம் நடக்கும். எங்கே பார்க்க வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும், காத்திருத்தலே சுவையாகும். டிரையரின் படத்தில் விளைவு முன்னே வந்து காரணம் பின்தங்குகிறது. சில இடங்களில் காரணம் வருவதே இல்லை. ஒளிப்பதிவுக் கருவி சுவர் ஓரமாக நகரும், வாயிலைக் கடக்கும், அங்கு இருந்திருக்க வேண்டியவர் இருக்க மாட்டார். ஓரிடத்தில் நின்றிருந்தவர், கருவி சுற்றி வருவதற்குள், மற்றோரிடத்தில் நிற்பார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அறியாத காத்திருத்தலே மெதுமையாக உணரப்படுகிறது.

பேசும்படம் வந்த புதிதில் இதன் தாக்கம் மிகுந்தது. 1932இல் அரங்குக்கு வந்தோர் பேச்சைக் கேட்க வந்தவர்கள். டிரையரோ ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கு நடிகரைத் தனித்தனியே வாயசைக்கச் செய்து, குரலைப் பின்னர் சேர்த்தார். அவ்வுழைப்பைக் குறைக்கும் பொருட்டும் உரையாடல் சுருங்கியது. விளைவாக, பேசும்படம் என்று விற்கப்பட்ட ஒன்று பெரும்பகுதி ஊமைப்படமாகவே இருந்தது. மௌனப் படக் காலத்தில் இயல்பாகத் தோன்றியிருக்கக்கூடிய அமைதி, பேச்சை வாக்களித்த காலத்தில் குறைபாடாகத் தோன்றியது.

மெய்ப்பாட்டு நோக்கில் முதல் நாள் எதிர்வினை

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல் எட்டாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன் கூறுகிறது. அரங்கில் அமர்ந்தோரின் எதிர்வினையை வகைப்படுத்த இப்பகுப்பு மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் அது ‘நன்று’, ‘தீது’ என்னும் தீர்ப்பைவிட, எவ்வுணர்வு எதனால் பிறந்தது என்பதையே வினவுகிறது.

அச்சத்திற்கு அவ்வியல் கூறும் களன்கள் வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன. நான்கும் எதிரே நிற்கக்கூடிய பொருள்கள். அச்சம் ஒன்றைச் சார்ந்தே பிறக்கிறது. டிரையர் செய்தது, அச்சத்தின் சூழலை முழுமையாக அமைத்துவிட்டு அதன் பொருளைத் திரைக்கு வெளியே நிறுத்தியது. சார்வதற்கு இடம் காணாத உணர்வு வேறு மெய்ப்பாடுகளாக மாறியது.

அவற்றுள் முதலாவது வெகுளி. வெகுளிக்குச் சொல்லப்படும் களன்கள் நான்கும் பிறரால் தமக்கோ தம்மைச் சார்ந்தோர்க்கோ இழைக்கப்படும் தீங்குகள். சோர்வுற்றவன் எழுந்து வெளியேறுவான்; தீங்கிழைக்கப்பட்டதாக உணர்பவனே ஈடு கேட்பான். வியன்னாவில் மக்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டனர் என்பது அவர்கள் தம்மை ஏமாற்றப்பட்டோராகக் கருதினர் என்பதற்குத் தெளிவான சான்று. இரண்டாவது நகை. நகையின் களன்களுள் எள்ளலும் ஒன்று. ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தியாளர் சுட்டிய நகைப்புணர்வு இதனைச் சாரும். மூன்றாவது மருட்கை, அதாவது வியப்பு. அதன் களன்களுள் ஒன்று புதுமை. அதே செய்தியாளர் மறக்க முடியாமை என்று குறித்தது இம்மெய்ப்பாட்டையே.

ஆகவே முதல் நாளிலேயே வெகுளியும் நகையும் மருட்கையும் அரங்கில் கலந்திருந்தன. பிற்காலப் போற்றுதல் வெறுமையிலிருந்து தோன்றியதன்று. முதல் நாளில் சிறுபான்மையாக இருந்த மருட்கையே பின்னர் பெரும்பான்மையாயிற்று.

கத்தரிக்கோல் செய்தவை

பெர்லின் எதிர்வினையைத் தொடர்ந்து டிரையர் சில காட்சிகளை நீக்கினார். அதற்கு முன்பே ஜெர்மன் தணிக்கையாளர் இரு காட்சிகளைச் சுருக்குமாறு ஆணையிட்டிருந்தனர்: காட்டேரியின் உடலில் முளை அறைதல், மாவு ஆலையில் மருத்துவன் மாவில் மூச்சடைத்து இறத்தல். இவ்விரு கைகளும் எதிர்த் திசைகளில் இயங்கின. தணிக்கை, அச்சத்தின் பொருள் வெளிப்படையாக நின்ற ஒரு சில இடங்களைக் குறைத்தது. பார்வையாளரோ அத்தகைய இடங்கள் போதாமையாலேயே சினந்தனர். படம் இரு வகையிலும் இழந்தது.

கத்தரிக்கோல் நிமிடங்களை மட்டுமே அறியும். பார்வையாளர் முறையிட்டதோ நிமிடத்தைப் பற்றி அன்று, தொடர்பின்மையைப் பற்றி. காட்சிகள் நீக்கப்படும்போது படம் குறுகுகிறது. ஆனால் காட்சிக்கும் காட்சிக்கும் இடையிலான தொடர்பு மேலும் நலிகிறது. குறையைத் தீர்க்கச் செய்த வெட்டு அக்குறையை வளர்க்கக்கூடும் என்பது இவ்வகைப் படங்களின் வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

அதன்பின் படம் பல வடிவங்களில் பரவியது. நாயகன் சில வடிவங்களில் ஆலன் கிரே. வேறு சிலவற்றில் டேவிட் கிரே. மூல நெகட்டிவ்கள் படத்திற்கும் ஒலிக்கும் கிடைக்கவில்லை. குறைவுபட்ட ஜெர்மன், பிரெஞ்சுப் படிகளே எஞ்சின. 1998இல் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகத்தின் பங்களிப்புடன் மார்ட்டின் கோர்பர் ஜெர்மன் வடிவத்தை மீட்டமைத்தார். தணிக்கையால் நீக்கப்பட்ட துண்டுகள் அண்மைக்கால வட்டுப் பதிப்புகளில் பின்னிணைப்பாகத் தரப்பட்டுள்ளன. மூல ஏடு அழிந்து, சிதைந்த படிகளை ஒப்புநோக்கிப் பாடம் வகுத்த பதிப்பாசிரியர்களின் பணியோடு இப்பணி முற்றிலும் ஒத்தது. ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டைச் சிதைத்தவை செல்லும் காலமும். இப்படத்தைச் சிதைத்த காரணங்களுள் அதனை முதலில் கண்டோரின் உணர்வும் அடங்கும்.

பிற்காலத்தார் ‘வாம்பிர்’ படத்தின் புதிர்த்தன்மையைப் போற்றும்போது, அப்புதிரில் எவ்வளவு டிரையர் கருதியது, எவ்வளவு பெர்லின் கூச்சலின் விளைவு என்பதைப் பிரித்தறிய இயலாது. தம் முன்னோர் வெறுத்ததன் தடத்தையும் சேர்த்தே அவர்கள் போற்றுகின்றனர்.

‘தி ஷைனிங்’: இரு நீளங்களில் ஒரு படம்

1980 மே 23 அன்று அமெரிக்காவில் வெளிவந்த ‘தி ஷைனிங்’ முற்றிலும் வேறான நிலையில் பிறந்தது. புகழின் உச்சியில் இருந்த இயக்குநர், பெரிய நிறுவனம், பரந்து விற்ற நாவல் ஆகிய அனைத்தும் அதற்குத் துணை. கரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேம் கருவி, ஆளில்லா விடுதியின் நீண்ட நடைகளில் சிறுவனின் மூன்று சக்கர வண்டியைப் பின்தொடர்ந்தது. அஞ்சத்தக்கது எதுவும் நிகழாத அக்காட்சிகளின் நீட்சியே படத்தின் ஆற்றல்.

வெளிவந்த சில நாள்களில் குப்ரிக் இறுதிப் பகுதியில் இருந்த மருத்துவமனைக் காட்சியை, ஏறத்தாழ இரண்டு நிமிடம், நீக்கச் செய்தார். அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த படச்சுருள்களிலிருந்தே அது வெட்டப்பட்டது. அமெரிக்கப் படி 144 நிமிடமாயிற்று. அவ்வாண்டு இறுதிப் பகுதியில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வெளியிடும்போது மேலும் ஏறத்தாழ 25 நிமிடத்தை அவரே குறைத்து 119 நிமிடமாக்கினார். அவ்வாண்டின் மோசமான படங்களுக்கென முதன்முறையாக அறிவிக்கப்பட்ட ராசி விருதுகளில் அவர் மோசமான இயக்குநராகப் பரிந்துரைக்கப்பட்டார். நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கும் படத்தின் மீது தமக்குள்ள மனக்குறையை வெளிப்படையாகக் கூறிவந்தார்.

இங்கும் எதிர்வினை படத்தினுள் புகுந்தது. எனினும் வகை வேறு. டிரையர் விருப்பின்றி இழந்தார். குப்ரிக் தாமே வெட்டினார். ஒரு தலைமுறைக் காலம் அமெரிக்கரும் ஐரோப்பியரும் ஒரே பெயரில் இரு படங்களைக் கண்டனர். பிரிட்டன் அரங்குகளில் நீண்ட வடிவம் 2012இல்தான் பரவலாகக் காட்டப்பட்டது. 2018இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. இரு கண்டத்துப் பார்வையாளரின் கருத்துகளை ஒப்பிடும் ஆய்வாளர், முதற்கண் அவர்கள் எவ்வடிவத்தைக் கண்டனர் என்று உறுதி செய்தல் இன்றியமையாதது.

2018–2019: எழுத்தாக மாறிய சினம்

2018 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்த ஆரி ஆஸ்டரின் ‘ஹெரிடிட்டரி’ ஒரு குடும்பத்தின் துயரை நெடுநேரம் அமைதியாகக் காட்டி, இறுதியில் பேயச்சமாக முடிக்கிறது. சண்டான்ஸ் விழாவில் திறனாய்வாளர் அதனைப் பெரிதும் பாராட்டினர். ஆனால் முதல் நாள் அரங்கை விட்டு வெளியே வருவோரிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் பெறும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணிப்பில் அது ‘டி பிளஸ்’ என்னும் தாழ்ந்த தரத்தையே பெற்றது. 2016இல் வெளிவந்த ராபர்ட் எக்கர்சின் ‘தி விட்ச்’ படத்திற்கும் ‘சி மைனஸ்’ தரமே கிடைத்திருந்தது.

வியன்னாவின் தடியடியும் இவ்வெழுத்துகளும் ஒரே உணர்வின் இரு பதிவுகள். முன்னோட்டம் வேகத்தை வாக்களிக்கிறது. படம் பொறுமையைக் கோருகிறது. இடைவெளியில் வெகுளி பிறக்கிறது. ஆயினும் விளைவு தலைகீழானது. தரம் தாழ்ந்தும் ‘ஹெரிடிட்டரி’ உலகெங்கும் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஒரு நிமிடமும் வெட்டப்படவில்லை. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட ‘மிட்சோமர்’ அரங்குகளில் ஏறத்தாழ 147 நிமிடம் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 171 நிமிட இயக்குநர் வடிவமும் வெளிவந்தது. 1932இல் குறைக்கப்பட்ட மெதுமை, 1980இல் கண்டத்திற்கேற்ப அளக்கப்பட்டு, 2019இல் கூடுதலாக விற்கத்தக்க பொருளாகியிருக்கிறது.

இம்மாற்றத்திற்குப் பார்வையாளரின் சுவை முதிர்ச்சி மட்டுமே காரணமாகாது. முதல் நாள் தரங்கள் அவர்கள் இன்றும் சினப்பதையே காட்டுகின்றன. மாறியது படம் வாழும் இடம். 1932இல் அரங்கில் தோற்ற படத்திற்கு வேறு புகலிடம் இல்லை. பின்னர் காப்பகங்களும் திரைப்படச் சங்கங்களும், அவற்றையடுத்துத் தொலைக்காட்சியும் வட்டும், முதல் நாளுக்கு அப்பால் ஒரு வாழ்வை வழங்கின. அங்கே வருவோர் மெதுமையை முன்னறிந்து வருகின்றனர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்கு வேறு.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, மெதுவாக நகரும் அச்சப் படத்தின்மேல் முதற் பார்வையாளர் கொண்ட சினம் அறியாமையின் அடையாளம் ஆகாது. தலைப்பும் விளம்பரமும் பேசும்படம் என்னும் பெயரும் அளித்த வாக்கு மீறப்பட்டதைக் காட்டும் சான்று அது. இரண்டாவது, அச்சினம் வெட்டாகவும் வடிவ வேறுபாடாகவும் படத்திலேயே பதிந்திருக்கிறது. மூன்றாவது, அப்பதிவின் தன்மையை உறுதிசெய்வது படத்திற்கு முதல் நாளுக்குப் பிந்திய வாழ்வு உண்டா என்பதே.

தமிழ்த் திரைப்பட ஆய்வுக்கு இம்முறை இருவகையில் பயன்படும. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று காணக் கிடைப்பதில்லை. ‘வாம்பிர்’ படத்திற்குப் படம் எஞ்சிப் பார்வையாளரின் குரல் தேய்ந்தது. ‘காளிதாஸ்’ படத்திற்கோ படம் அழிந்து, அக்கால இதழ்களின் விளம்பரங்களும் மதிப்புரைகளுமே எஞ்சின. அங்கே எதிர்வினையே மூலச்சான்று. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ அச்சப் படம் அன்று. கொலை மர்மப் படம். பாடல்களே இல்லாத அப்படம் வெளியானபோது வணிக வெற்றி பெறவில்லை. பின்னர் தமிழ்த் திரையின் மைல்கல்லாக மதிக்கப்பட்டது. அவ்வரங்குகளில் அன்று அமர்ந்திருந்தோர் எவ்வாக்கை நம்பி வந்தனர் என்னும் வினாவும் இங்கு கண்ட வினாவே.

நூலகங்களும் காப்பகங்களும் திரைப்படத்தை அட்டவணைப்படுத்தும்போது இயக்குநர், ஆண்டு ஆகியவற்றோடு வடிவம், நிமிடக் கணக்கு, மொழி, திரையிட்ட ஊர் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். நுழைவுச் சீட்டு, அரங்கு அறிவிப்பு, நாளிதழ்ச் செய்தி போன்ற சிறு தாள்களும் அப்படத்தின் பகுதியாகவே பேணப்பட வேண்டும். பெர்லினில் கூச்சலிட்டோரின் பெயர்கள் எதுவும் எஞ்சவில்லை. டிரையரின் படத்தில் காணப்படும் சில இடைவெளிகள் அவர்கள் விட்டுச்சென்றவை. அவ்விடைவெளிகளை ஒருவரேனும் கணக்கில் எடுக்காதவரை, அப்படத்தின் வரலாறு முழுமை பெறாது.